ஒடியலண்ணை தண்ணீர் இல்லாத ஊருக்குப் போன கதை

லண்டன் மழையை எதிர்த்துத் தனியாளாகப் போர் நடத்தியவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்களுடன் தெற்கு லண்டன் நோர்பரியில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் ஒடியலண்ணை. பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் போட்டுக் கல்லைப்போல ஆகும்வரை காயவைத்தால் கிடைப்பது ஒடியல். ஆளும் அப்படித்தான். நீளமாக, மெலிந்து, வெளிறி, கடித்தால் பல் போகும் போலிருப்பார்.

அவர் இப்போது இல்லை. இருந்தால் இதை நான் எழுதிவிட முடியாது. பத்திரிகை அச்சாகும் கடதாசி சரியாகக் காய்ந்ததா என்று ஆசிரியருக்குப் போன் எடுத்துக் கேட்டிருப்பார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் அப்போது மினிகேப் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். மன்னாரிலிருந்து வந்த சேவியருக்கு ஒரு பேக்கரியில் வேலை. காலையில் பாண் வாசனையோடு வீட்டுக்கு வந்து, சிலுவை போட்டுவிட்டுப் படுப்பான். ஒடியலண்ணை ஸ்ட்ரெதத்தில் ஒரு ட்ரை கிளீனிங் கடையில் சுடுபெட்டியால் உடுப்பு அழுத்தினார். உலகத்தில் அவருக்குப் பொருத்தமான வேலை அது ஒன்றுதான். கடையில் செய்தது போதாதென்று வீட்டிலும் அழுத்துவார். சேர்ட், சாரம், சொக்ஸ், படுக்கை விரிப்பு எல்லாம் முடிந்தபின் அன்றைய பேப்பரை எடுத்து அழுத்திச் சூடாக வாசிப்பார். ஒருநாள் சேவியருடைய பஸ் பாஸ் மழையில் நனைந்துவிட்டது என்று அதையும் அழுத்திவிட்டார். பிளாஸ்டிக் உருகி, சேவியரின் படத்தில் மூக்குக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை.

"இதைக் காட்டி நான் எப்பிடிப் பஸ்ஸிலை ஏறுறது?" என்று சேவியர் கேட்டான்.

"ஈரமில்லை பார்" என்றார் ஒடியலண்ணை.

நோர்பரி வீடுகளில் குளிர்காலம் வந்தால் ஜன்னலின் உட்பக்கம் தண்ணீர் வழியும். சுவரில் கறுப்புப் பூஞ்சணம் ஏறும். எல்லோரும் அதோடு வாழப் பழகிக்கொண்டோம். அவர் பழகவில்லை. விடியற்காலையில் எழும்பி, ஒரு பழைய துவாயோடு ஜன்னல் ஜன்னலாகத் துடைத்துக்கொண்டு போவார். கடைசி ஜன்னலை முடித்துத் திரும்பினால் முதல் ஜன்னல் நனைந்திருக்கும். மீண்டும் தொடங்குவார். சோறு அவிக்கும்போது மூடியைத் திறந்தால் ஓடிவந்து மூடுவார். வெளியிலிருந்து குடையோடு வருபவர்களை வாசலிலேயே மறித்து, குடைக்கு அகதி அந்தஸ்து கிடையாது என்று சொல்லி அதைத் தெருவில் விடச்சொல்வார். கவுன்சிலுக்குப் பூஞ்சணத்தைப் பற்றி முறையிட்டு முறையிட்டு, கடைசியில் ஒரு அதிகாரி மழையில் நனைந்த கோட்டோடு வந்து நின்றார். ஒடியலண்ணை அந்த மனிதரின் கோட்டைக் கழற்றி வாங்கி அழுத்திக் கொடுத்துத்தான் கதைக்கத் தொடங்கினார்.

தேம்ஸ் நதியை அவர் கடக்கமாட்டார். அப்டன் பார்க்கில் அவருடைய சொந்த மச்சானுக்குக் கலியாணம். நான் காரில் கூட்டிப்போவதாகச் சொன்னேன்.

"ஆறு குறுக்கை கிடக்கெல்லே" என்றார்.

"பாலம் இருக்கு அண்ணை."

"பாலத்துக்குக் கீழை என்ன இருக்கு?"

கலியாணத்துக்கு அவர் போகவில்லை. அழுத்திய வேட்டி ஒன்றை மட்டும் அனுப்பிவைத்தார்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால் ஒடியலண்ணை எப்போதும் இப்படி இருந்தவரல்ல. எண்பதுகளின் நடுவில் அவர் வந்து சேர்ந்தபோது சாதாரண மனிதர். குளியலறைக்குள் போனால் வீட்டுச் சுடுதண்ணீர் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் வெளியே வருவார். ஊரில் மனைவி யோகமும் மகள் சுதாவும் இருந்தார்கள். அவர்களை லண்டனுக்கு எடுப்பிக்க வருடக்கணக்காக அலைந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருவழியாக எல்லாம் சரிவந்தது. அவர்கள் கொழும்புக்கு வந்து விமானம் ஏறினால் போதும். போர் நடந்த அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வருவதற்குத் தரைப்பாதை இல்லை. கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் இருட்டோடு கடக்க வேண்டும். அவர்கள் ஏறிய வள்ளம் கரைக்கு வரவில்லை. நேவிக்காரர் சுட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். பாரம் கூடிக் கவிழ்ந்தது என்று சிலர் சொன்னார்கள். உடல்கள் கிடைக்கவில்லை.

செய்தி டெலிபோனில் வந்தது. எடுத்தவர் அவரேதான். "ஓம்... ஓம்... ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ரிசீவரை வைத்தார். குசினிக்குப் போய்த் துவாயை எடுத்துவந்து ஜன்னலைத் துடைக்கத் தொடங்கினார். அன்றைக்குத் தொடங்கிய துடைப்புத்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டும் என்று உறவினர்கள் வந்து சொன்னார்கள். "நீங்கள் உடம்பைக் கண்டனீங்களோ?" என்று அமைதியாகக் கேட்டார். ஒருவரும் காணவில்லை. "அப்ப தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். பிறகும் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர்களுடைய கோட்டுகள் காய்ந்து, மடிப்புக் குலையாமல் திரும்பிப் போயின. எள்ளும் தண்ணீரும் மட்டும் இறைக்கப்படவில்லை. நாளடைவில் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்படிச் சில வருடங்கள் போனபின் ஒரு நாள் பல் வைத்தியரிடமிருந்து ஒரு படத்தோடு வந்தார். காத்திருக்கும் அறையில் கிடந்த சஞ்சிகையிலிருந்து கிழித்தது. செந்நிறப் பாறைகள். இரண்டு பக்கமும் சுவர்போல உயர்ந்து, நெளிந்து, நடுவில் ஒரு ஆள் நுழையக்கூடிய வெடிப்பு. உள்ளே உச்சியிலிருந்து ஒரு வெயில் கற்றை நேராக இறங்குகிறது. பாறைகளில் ஒரு துளி ஈரமில்லை.

"இது எங்கை, சேவியர்?"

சேவியர் கீழே இருந்ததை வாசித்தான். "அமெரிக்காவிலை, அரிசோனா. பாலைவனம். பேஜ் எண்டொரு சின்ன ஊரிலை தங்கித்தான் இதைப் பாக்கலாமாம்."

"பேஜ் எண்டால்?"

"பக்கம்."

"எதுக்குப் பக்கம்?"

"ஒண்டுக்கும் பக்கம் இல்லைப் போலை கிடக்கு."

"மழை?"

சேவியர் மேலும் கீழும் பார்த்தான். "பெய்யாதெண்டுதான் போட்டிருக்கு."

ஒடியலண்ணை அந்தப் படத்தை அழுத்திச் சுவரில் ஒட்டினார். அடுத்த ஆவணி மாதம் அவருடைய கடை விடுமுறைக்குப் பூட்டியபோது மூன்று பேரும் விமானத்தில் இருந்தோம். எங்களை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று கேட்டால், சம்மதிக்கும்வரை அழுத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். அத்திலாந்திக் சமுத்திரம் கீழே கிடப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஜன்னல் மூடியை இழுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, கண் திறந்தபடி இருந்தார். அவர் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை.

குடிவரவு அதிகாரி எதற்காக அமெரிக்காவுக்கு வந்தீர்கள் என்று கேட்டார். ஒடியலண்ணை தன்னுடைய ஆங்கிலத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "ஐ கேம் டு ட்ரை" என்றார்.

"ட்ரை வாட்?"

"மைசெல்ப், சேர்."

அதிகாரி எங்களைப் பார்த்தார். சேவியர் சிலுவை போட்டான். முத்திரை விழுந்தது.

லாஸ் வேகாஸில் கார் எடுத்து நான் ஓட்டினேன். ஹோட்டல்களுக்கு முன்னால் நீரூற்றுகள் ஆடிக்கொண்டிருந்தன. "விடு, விடு, நிப்பாட்டாதை" என்று விரட்டினார். ஊர் முடிந்து பாலைவனம் தொடங்கியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னார். அடுப்புக்குள் தலையை விட்டதுபோல ஒரு காற்று. அவர் முகத்தை வெளியே நீட்டிக் கண்களை மூடிக்கொண்டார். மணித்தியாலக்கணக்காகப் பச்சை என்று ஒன்றில்லை. சிவப்பு மண், முள்ளுப் பற்றை, தூரத்தில் மேசைபோல் தட்டையான மலைகள். "இதைவிட ஒருத்தருக்கு என்ன வேணும்?" என்றார். எனக்கே நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று தோன்றியது.

அப்படியே ஒரு மேட்டில் ஏறி வளைவில் திரும்பினோம். முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் நீலத் தண்ணீர்.

சிறு குட்டையல்ல. செம்பாறைகளுக்கு நடுவில் கையும் விரலுமாகப் பரந்து கிடந்த ஏரி. படகுகள், வெள்ளைப் பாய்கள், தண்ணீரில் சறுக்கி ஓடும் பிள்ளைகள். நான் காரை ஓரங்கட்டினேன்.

"சேவியர்" என்றார் ஒடியலண்ணை. "இதென்ன?"

சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த படத்தைச் சேவியர் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விளங்கிவிட்டது. அது சஞ்சிகையின் இரண்டு பக்கங்களில் பரந்த படம். ஒடியலண்ணை இடப்பக்கத்தை மட்டும் கிழித்து வந்திருக்கிறார். ஏரி பல் வைத்தியரிடமே தங்கிவிட்டது.

பேஜ் ஊருக்குள் நுழைய ஒரு அணைக்கட்டுக்குப் பக்கத்தில் பெரிய பாலத்தைக் கடக்க வேண்டும். அவர் பின்சீற்றில் குப்புறப் படுத்துக்கொண்டார். அணையைக் கட்டி ஆற்றை மறித்ததால் வந்த ஏரி அது. மறிப்பதற்கு முன் அந்த இடம் முழுவதும், நாங்கள் பார்க்க வந்ததைவிடப் பெரிய பள்ளத்தாக்காக இருந்ததாம். மோட்டலில் சாவி தந்த பெண் பெருமையாகச் சொன்னாள். "எல்லாம் இப்போது தண்ணீருக்குக் கீழே இருக்கிறது" என்றாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும்.

அடுத்த நாள் காலை அவர் அறையைவிட்டு வரமாட்டார் என்று நினைத்தோம். அழுத்திய சேர்ட்டோடு வாசலில் நின்றார். "வந்தது வந்தாச்சு. காய்ஞ்ச பக்கத்தைப் பாப்பம்" என்றார்.

பள்ளத்தாக்குகள் நவஹோ மக்களின் நிலத்தில் இருந்தன. எங்களைக் கூட்டிப்போனவள் நாற்பது வயதளவில் ஒரு நவஹோப் பெண். அகலத் தொப்பி, சிரிக்காத முகம். ஒரு பழைய ட்ரக்கில் மணலுக்குள்ளால் ஓட்டிப்போய் ஒரு பாறைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். ட்ரக்கோடு தன் தம்பியை மேட்டில் விட்டுவிட்டு எங்களை வெடிப்புக்குள் கூட்டிப்போனாள்.

படம் பொய் சொல்லவில்லை. உள்ளே குளிர்மையான நிழல். சுவர்கள் செம்மஞ்சளும் ஊதாவுமாக மடிந்து மடிந்து உச்சிக்கு ஏறின. மேலே வானம் ஒரு நூலாகத் தெரிந்தது. ஒடியலண்ணை வேறு மனிதராகிவிட்டார். உள்ளங்கையைப் பாறையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே நடந்தார்.

"பட்டுச் சீலை மடிப்பு மாதிரி இருக்கடா. ஆர் அழுத்தினது இதை?"

அப்போது அண்ணாந்து பார்த்தார். எங்கள் தலைக்கு மேலே, இரண்டு வீடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எட்டும் உயரத்தில், இரண்டு சுவர்களுக்கும் நடுவில் ஒரு பெரிய மரக்குற்றி இறுகிக் கிடந்தது.

"கேளடா, அதை ஆர் உதிலை கொண்டுபோய் வைச்சது?"

கேட்டேன். வழிகாட்டிப் பெண் அதைப் பார்க்கக்கூட இல்லை. "தண்ணீர்" என்றாள். "இதையெல்லாம் வெட்டியதும் தண்ணீர்தான். மழை இங்கே பெய்யத் தேவையில்லை. எங்கோ தூரத்து மேட்டில் பெய்தால் போதும். இங்கே வெயில் எறித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வந்துவிடும்."

அவர் பாறையிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப காய்ஞ்ச இடமெண்டு ஒண்டுமில்லை" என்று தமிழில் சொன்னார். எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் வெளியே ட்ரக்கின் ஹோர்ன் கேட்டது. நிறுத்தாமல் அடித்தது. தம்பி மேட்டிலிருந்து தெற்கே மழையைக் கண்டிருக்கிறான். வழிகாட்டியின் குரல் மாறிவிட்டது. "திரும்புங்கள். ஓடவேண்டாம், ஆனால் நிற்கக்கூடாது" என்றாள். நானும் சேவியரும் திரும்பினோம். ஒடியலண்ணை அசையவில்லை.

"அண்ணை, வாங்கோ."

"நீங்கள் போங்கோ."

"அண்ணை, தண்ணி வருகுதாம்."

"அதுதான் சொல்லுறன். நீங்கள் போங்கோ. நான் நிக்கிறன்." அவருடைய முகத்தில் பயமில்லை. பஸ்ஸுக்குக் காத்து நிற்பவரின் முகம். "அதுகளுக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு எனக்குத் தெரிய வேணும் தம்பி. அவள் பிள்ளையைப் பிடிச்சிருந்திருப்பாளோ, விட்டிருப்பாளோ? எனக்கு அது தெரியாது."

சேவியர் அவர் கையைப் பிடித்து இழுத்தான். அந்த ஒடியல் உடம்புக்குள் அவ்வளவு பாரம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். அசையவில்லை. ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

முன்னால் போன வழிகாட்டிப் பெண் திரும்பி வந்தாள். எங்களை விலக்கிவிட்டு அவருக்கு நேரே நின்றாள். சத்தம் போடவில்லை. "நீ வராவிட்டால் நானும் போக முடியாது" என்றாள். "உள்ளே கூட்டிவந்த ஆளை விட்டுவிட்டு வெளியே போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. வீட்டில் எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

ஒடியலண்ணை அவளைப் பார்த்தார். சுடுபெட்டியைத் தொட்டவர்போலத் திடுக்கிட்டார்.

"சொறி, அம்மா" என்று மன்னிப்புக் கேட்டார். "சொறி, சொறி." பிறகு எங்களுக்கெல்லாம் முன்னால் அவர்தான் நடந்தார்.

மேட்டில் ஏறி நின்று திரும்பிப் பார்த்தோம். எங்கள் தலைக்கு மேலே வானம் வெளித்துக் கிடந்தது. முதலில் ரயில் வருவதுபோல ஒரு சத்தம். பிறகு நாங்கள் ட்ரக்கில் வந்த அதே மணல்வழியால், கபில நிறத்தில், மரங்களையும் கற்களையும் உருட்டிக்கொண்டு அது வந்தது. ஒரு ஆடும் வந்தது, கால்கள் மேலே. எல்லாம் அந்த ஒடுங்கிய வெடிப்புக்குள் போய் நுழைந்தது. சேவியர் முழங்காலில் இருந்து ஜெபமாலையை உருட்டினான். ஒடியலண்ணை மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கை போகும்?" என்று வழிகாட்டியிடம் தானே ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஏரிக்கு."

"ஏரி எங்கை போகும்?"

"ஆற்றோடு கடலுக்கு. முந்திப் போனது. இப்போது நகரங்கள் குடித்து முடித்துவிடுகின்றன. கடலைப் போய்ச் சேர்வதில்லை."

ஒடியலண்ணை யோசித்தார். "முந்திப் போனதுதானே" என்று என்னிடம் சொன்னார். "அது காணும், போதும்."

எதற்குக் காணும் என்பது அடுத்த நாள் காலையில்தான் விளங்கியது. "எனக்கு எள்ளு வேணும்" என்றார்.

பேஜ் ஊரில் ஒரே ஒரு பெரிய கடை. படகுக்குத் தேவையான எல்லாம் இருந்தது. மீன் தூண்டில் இருந்தது. ஐஸ் மலைபோல இருந்தது. எள்ளு இல்லை. கடைப் பையன் சூரியகாந்தி விதை வேண்டுமா என்று கேட்டான். ஒடியலண்ணை தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தார். அப்போதுதான் பேக்கரிக்காரன் சேவியரின் மூளை வேலை செய்தது. பாண் தட்டுக்குப் போய் ஒரு பெரிய பொதியோடு வந்தான்.

பேர்கர் பணிஸ். ஒவ்வொன்றின் தலையிலும் எள்ளு.

ஏரிக்கரையில், படகுத்துறைக்குத் தள்ளி, ஒரு பாறையில் மூன்று பேரும் இருந்து பணிஸிலிருந்து எள்ளுப் பொறுக்கினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் நகத்தால் கிள்ளினேன். சேவியர் லாவகமாகத் தட்டித் தட்டி எடுத்தான். அவன் லண்டனில் அவற்றை ஒட்டுகிற ஆள். உயிர்காக்கும் அங்கி போட்ட ஒரு வெள்ளைக்காரச் சிறுமி வந்து, நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டாள்.

"எங்களுக்கு எள்ளு ஒத்துவராது" என்று சேவியர் சொல்லி அனுப்பிவிட்டான்.

"இது வெள்ளை எள்ளு அண்ணை" என்றேன். "கறுப்பெல்லோ வேணும்."

"யோகம் குறை சொல்லமாட்டாள்" என்றார். அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனையோ வருடங்களாகியிருந்தன.

சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். காற்சட்டையை மடித்துவிட்டார். தண்ணீரின் விளிம்பில் வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு கால். பிறகு மற்றக் கால். முழங்கால் அளவுக்குப் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "தெற்கு எது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. சேவியர் சூரியனைப் பார்த்துக் கணக்கிட்டுக் கையைக் காட்டினான். அவர் அந்தப் பக்கம் திரும்பினார். மந்திரம் எதுவும் எங்களுக்குத் தெரியாது. கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் அள்ளி, "யோகம்" என்று சொல்லி விட்டார். மீண்டும் அள்ளி, "சுதா" என்று சொல்லி விட்டார். முடிந்ததும் மறுபடியும் "சுதா" என்றார். அதற்கு எள்ளு இருக்கவில்லை. சேவியர் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கிப்போய், தன் சேர்ட்டில் ஒட்டியிருந்த சிலவற்றைப் பொறுக்கி அவர் கையில் வைத்தான்.

காகத்துக்குச் சோறு வைக்க வேண்டுமே என்று நான் நினைத்து முடிப்பதற்குள் பாறையில் ஒன்று வந்து இறங்கியது. அந்த ஊர்க் காகம். கோழியளவு பெரிது, தாடி வைத்தது. மொட்டையான பணிஸ் ஒன்றை முழுதாகக் கவ்விக்கொண்டு பறந்தது. ஒடியலண்ணை தண்ணீருக்குள் நின்றபடியே அதைப் பார்த்தார்.

"அமெரிக்கக் காகம்" என்றார். "ஆறுதலா இருந்து சாப்பிடாது." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்தது. பிறகு அழுதார். நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் நின்றோம். பிடிக்கவில்லை. விழுந்தால் பிடிக்கலாம் என்று நின்றோம்.

திரும்பும் விமானத்தில் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்தார். சாப்பாடு வருவதற்கு முன்பே அவருடைய தலை சரிந்து என் தோளில் விழுந்தது. வாய் திறந்து, குழந்தைபோல மூச்சு விட்டுத் தூங்கினார். கொஞ்ச நேரத்தில் என் கை விறைத்துவிட்டது. பணிப்பெண் வந்து அவரை எழுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். லண்டன் வரும்வரை நான் தோளை அசைக்கவில்லை.